மேற்பரப்புச் சுருள் வடிவமைப்புக்கு நானோவிஎன்ஏ-எச்4: எதுவரை நம்பலாம்?

எம்.ஆர்.ஐ. ஸ்கேனரில் உடல்மேல் வைத்துச் சமிக்ஞையை ஏற்கும் கம்பி வளையமான மேற்பரப்புச் சுருளைத் தாமே வடிவமைத்துப் பார்க்க விரும்பும் உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறி நிற்பது கோட்பாட்டில் அன்று, அளவுக்கருவியில். செப்புக் கம்பியும் பீங்கான் மின்தேக்கிகளும் எப்படியாவது கிடைத்துவிடுகின்றன. அவற்றை இணைத்து உருவாக்கிய வளையம் சரியான அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறதா, உடலருகே வைத்தவுடன் எவ்வாறு மாறுகிறது, பக்கத்து வளையத்தோடு எவ்வளவு பிணைந்திருக்கிறது என்பதையெல்லாம் சொல்வதற்கு, பல அதிர்வெண்களில் சமிக்ஞையை அனுப்பி எதிரொளிப்பதையும் கடந்துசெல்வதையும் அளக்கும் வெக்டர் நெட்வொர்க் அனலைசர் வேண்டும். ஆய்வகத் தரத்தில் அதன் விலை பல லட்சம் ரூபாய். உள்ளங்கையில் அடங்கும் நானோவிஎன்ஏ என்ற கருவி சில ஆயிரம் ரூபாயில் அந்த இடத்தை நிரப்ப முடியுமா என்ற கேள்வியோடு, அதன் எச்4 வகையைச் சுருள் வடிவமைப்பு மேசையில் வைத்து நான் பயன்படுத்தி வருகிறேன். 1.5 டெஸ்லாவிலும் 3 டெஸ்லாவிலும் இயங்கும் ஏற்புச் சுருள்களின் அன்றாட அளவீடுகளில் பெரும்பகுதிக்கு இது போதுமானது என்பதும், முன்பெருக்கி (சுருளின் சமிக்ஞையை முதலில் பெருக்கும் சுற்று), டீட்யூனிங் (ஸ்கேனர் அலை அனுப்பும் நேரத்தில் சுருளை ஒத்ததிர்விலிருந்து விலக்குவது), 7 டெஸ்லா என்ற மூன்று இடங்களில் இதன் எல்லையைத் தெரிந்துகொண்டே இதைத் தொட வேண்டும் என்பதும் என் முடிவு.

நானோவிஎன்ஏவின் மூல வடிவத்தை ஜப்பானில் ஈடிவை555 என்ற புனைபெயரில் இயங்கும் பொறியாளர் உருவாக்கினார். மின்சுற்று வரைபடமும் உள்மென்பொருளும் திறந்த மூலமாக வெளியிடப்பட்டதால், சீனாவைச் சேர்ந்த ஹுகென்79 அதனைச் செப்பனிட்டுப் பெருமளவில் தயாரிக்க வழி பிறந்தது. 2019 வாக்கில் உலகெங்கும் அமெச்சூர் வானொலி ஆர்வலர்களின் கைகளில் அது புழங்கத் தொடங்கியது. உள்ளே இருப்பவை விலை குறைந்த, எளிதில் கிடைக்கும் சில்லுகளே. எஸ்ஐ5351 என்ற கடிகாரச் சில்லு சமிக்ஞையை உண்டாக்குகிறது. எஸ்ஏ612 கலப்பிகள் அதனைக் கீழ் அதிர்வெண்ணுக்குக் கொண்டுவருகின்றன. ஒலிக்கருவிகளில் பயன்படும் ஒரு கோடெக் அதை எண்களாக மாற்றுகிறது. எச்4 வகையில் 4 அங்குலத் தொடுதிரையும், 1.5 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் வீச்சும் உண்டு. முதல் வாயில் சமிக்ஞையை அனுப்பி, எதிரொளித்து வருவதையும் அளக்கிறது. இரண்டாம் வாயிலோ ஏற்க மட்டும் செய்கிறது. ஆகவே எஸ்11 (முதல் வாயிலுக்கு எதிரொளித்து வருவது), எஸ்21 (முதல் வாயிலிலிருந்து இரண்டாவதற்குச் செல்வது) ஆகிய இரண்டையும் நேரடியாகப் பெறலாம். இரண்டாம் பக்கத்தின் எதிரொளிப்பான எஸ்22 வேண்டுமென்றால் அளக்கப்படும் பொருளைத் திருப்பி இணைக்க வேண்டும்.

இணையத்தில் இந்தக் கருவிக்குக் கிடைக்கும் மதிப்புரைகளில் மிகப் பல ஆண்டெனா அமைப்பவர்களால் எழுதப்பட்டவை. ஆண்டெனாக்காரர் தேடுவது எஸ்11 வரைகோட்டில் ஆழமான ஒரு பள்ளத்தை. மேற்பரப்புச் சுருளை வடிவமைப்பவருக்கு அந்தப் பள்ளம் தருகிற செய்தி மிகக் குறைவு. மோசமான பற்றவைப்பாலும் இழப்பு மிகுந்த மின்தேக்கியாலும் கெட்டுப்போன வளையத்தைக்கூட 50 ஓமுக்கு மிக அழகாகப் பொருத்திவிட முடியும். பள்ளம் 40 டெசிபல் ஆழத்தில் தெரியும். ஸ்கேனரில் வைத்தால் படம் இரைச்சலில் மூழ்கியிருக்கும். எனவே இந்தக் கருவி நமக்குப் பயன்படுமா என்பதை ஆண்டெனாக்காரரின் கேள்விகளைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. சுருளுக்குரிய கேள்விகளை வேறாகக் கேட்க வேண்டும்.

மேற்பரப்புச் சுருளின் அடிப்படை எளிது. 1980 ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் ஆக்கர்மேனும் அவருடைய குழுவினரும் உயிருள்ள விலங்கின் உடல்மேல் சிறு வளையத்தை வைத்துப் பாஸ்பரஸ்-31 சமிக்ஞைகளைப் பெற்ற முறையை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். வளையம் தனக்கு அருகிலுள்ள திசுவின் சமிக்ஞையை வலுவாக ஏற்கிறது. தொலைவிலுள்ள உடற்பகுதியின் இரைச்சலை ஏற்காமல் விடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் அதற்குச் சிறப்பைத் தருகின்றன. இரைச்சல் முழுவதும் உடலிலிருந்தே வருவதாகக் கொண்டால், குறிப்பிட்ட ஆழத்துக்குச் சிறந்த வளையத்தின் ஆரம் அந்த ஆழத்தை ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பதாகும். 9 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் ஆரம். ஆனால் 'இரைச்சல் முழுவதும் உடலிலிருந்தே' என்ற அந்த நிபந்தனை தானாக நிறைவேறிவிடாது. செம்பின் மின்தடை, மின்தேக்கிகளின் இழப்பு, பற்றவைத்த இடங்கள் எல்லாம் தம் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கின்றன. அந்தப் பங்கு எவ்வளவு என்பதை அளந்து அறிவதுதான் சுருள் வடிவமைப்பின் உயிர்நாடி.

8 சென்டிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள செப்புக் கம்பி வளையத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தன்மின்தூண்டல் எண் ஏறத்தாழ 190 நானோஹென்றி. 1.5 டெஸ்லாவில் ஹைட்ரஜனின் அதிர்வெண்ணான 63.87 மெகாஹெர்ட்ஸில் அது ஒத்ததிர்வதற்கு மொத்தம் 33 பிக்கோஃபாரட் அளவு மின்தேக்குத்திறன் வேண்டும். வளையத்தை நான்கு துண்டுகளாக வெட்டி நான்கு மின்தேக்கிகளைத் தொடராக இடுவதென்றால் ஒவ்வொன்றும் 131 பிக்கோஃபாரட். அதே வளையத்தை 3 டெஸ்லாவின் 127.7 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுசெல்ல மொத்தம் 8 பிக்கோஃபாரடே போதும். அங்கே விரல் நுனி நெருங்குவதுகூட அதிர்வெண்ணை அசைத்துவிடும். இந்த இரண்டு அதிர்வெண்களும் நானோவிஎன்ஏ தன் முழுத் திறனோடு இயங்கும் 300 மெகாஹெர்ட்ஸுக்கு உட்பட்ட பகுதியில் அமைந்திருப்பது நமக்கு வாய்த்த நற்பேறு. அந்தப் பகுதியில் அதன் இயங்கு வீச்சு (அளக்கக்கூடிய மிக வலிய, மிக மெல்லிய சமிக்ஞைகளுக்கு இடைப்பட்ட அளவு) சுமார் 70 டெசிபல். அதிர்வெண் துல்லியத்தைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதே இல்லை.

தரக்காரணியை, அதாவது ஒத்ததிர்வின் கூர்மையை, அளப்பதில் இக்கருவி காட்டும் திறமையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். உடல் அருகில் இல்லாதபோது வளையத்தின் தரக்காரணியையும், உடலுக்கு ஈடாக வைக்கும் உப்புநீர்ப் பாத்திரமான ஃபேன்டத்தின் மீதோ கையின் மீதோ வைத்தபோது அதன் தரக்காரணியையும் அளந்து ஒப்பிட்டால், மொத்த இரைச்சலில் வளையத்தின் சொந்தப் பங்கு தெரிந்துவிடும். முதலாவது 250 ஆகவும் இரண்டாவது 50 ஆகவும் இருந்தால் விகிதம் 5. குறையே இல்லாத வளையம் தரக்கூடிய சமிக்ஞை-இரைச்சல் விகிதத்தில் 89 சதவீதம் நமக்குக் கிடைக்கிறது. விகிதம் 2 ஆக இறங்கினால் கிடைப்பது 71 சதவீதம் மட்டுமே. வடிவமைப்பில் ஒவ்வொரு மாற்றமும், கம்பிக்குப் பதிலாகச் செப்புத் தகடு, ஒரு மின்தேக்கிக்குப் பதிலாக இரண்டு, டீட்யூனிங் டையோடு சுற்று வளையத்தின் எந்த இடத்தில் என்பவை எல்லாம், இந்த ஒரு விகிதத்தில்தான் தம் விளைவைக் காட்டும்.

அளக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கருவியின் தரம் இங்கேதான் தெரிகிறது. வளையத்தோடு எந்தக் கம்பியையும் இணைக்கக் கூடாது. விறைப்பான கோஆக்சியல் கேபிளின் நுனியில் அமைத்த இரண்டு சிறு உணர் வளையங்களை, ஒன்றன்மேல் ஒன்று பகுதியாகப் படியும்படி, அவற்றுக்கிடையே நேரடிப் பிணைப்பு இல்லாமற்போகும் இடத்தில் ஒட்டி, ஒன்றை முதல் வாயிலிலும் மற்றதை இரண்டாம் வாயிலிலும் இணைக்க வேண்டும். சுற்றிலும் எதுவும் இல்லாதபோது எஸ்21 வரைகோடு தரையோடு கிடக்கும். ஒத்ததிரும் வளையத்தை அருகில் கொண்டுவந்தவுடன் அதன் அதிர்வெண்ணில் கூர்மையான முகடு எழும். முகட்டின் உச்சியிலிருந்து 3 டெசிபல் இறங்கிய இரு பக்கப் புள்ளிகளுக்கு இடைப்பட்ட அகலத்தால் மைய அதிர்வெண்ணை வகுத்தால் தரக்காரணி கிடைக்கிறது. 63.87 மெகாஹெர்ட்ஸில் தரக்காரணி 250 என்றால் அந்த அகலம் சுமார் 255 கிலோஹெர்ட்ஸ். வீச்சை 2 மெகாஹெர்ட்ஸாகக் குறுக்கி 101 புள்ளிகளை இட்டால் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 20 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிதான். எச்4 வகையில் புதிய உள்மென்பொருளை ஏற்றினால் 401 புள்ளிகள் வரை செல்லலாம். முகட்டின் தோள்கள் வழவழப்பாக, தெளிவாகத் தெரிகின்றன.

உணர் வளையத்தை எவ்வளவு நெருக்கமாக வைப்பது என்பதில் கவனம் தேவை. முகட்டின் உச்சி மைனஸ் 40 டெசிபலில் நின்றால், உணர் வளையங்கள் தரக்காரணியை ஒரு சதவீத அளவுக்கே குறைக்கின்றன. மைனஸ் 20 டெசிபல் வரை ஏற்றிவிட்டால் தரக்காரணி பத்து சதவீதம் குறைவாகத் தெரியும். அப்போது அளவில் தெரிவது வளையம் மட்டும் அன்று, நம் உணர் வளையமும்தான். மைனஸ் 40 டெசிபலில் முகடு இருக்கும்போதும் கருவியின் இரைச்சல் தரைக்கு மேலே 30 டெசிபல் இடம் மிச்சமிருக்கிறது என்பதால், இந்த அளவீட்டில் நானோவிஎன்ஏவுக்கும் பல மடங்கு விலையுள்ள கருவிக்கும் நடைமுறையில் வேறுபாடு இல்லை. அளவீட்டுப் பட்டை அகலத்தைக் குறைத்தால் வரைகோடு இன்னும் அமைதியாகும். வேகம் மட்டும் குறையும்.

அதே முகடு இன்னொரு செய்தியையும் தருகிறது, பலர் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஃபேன்டத்தின் மீது வைத்தவுடன் முகடு தாழ்ந்து அகலமாவது எதிர்பார்த்ததே. அதோடு அது அதிர்வெண்ணிலும் கணிசமாகக் கீழே நகர்ந்தால், வளையத்தின் மின்புலம் உடலோடு பிணைகிறது என்று பொருள். அந்தப் பிணைப்பு சமிக்ஞையைக் கூட்டாது, இழப்பை மட்டும் கூட்டும். வளையத்தை மேலும் சில துண்டுகளாக வெட்டி மின்தேக்கிகளைப் பகிர்ந்து வைப்பதே அதற்கு மருந்து. ஒரு துண்டின் நீளம் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்ற வழக்கத்தின்படி, 8 சென்டிமீட்டர் வளையத்தின் 25 சென்டிமீட்டர் சுற்றளவு 1.5 டெஸ்லாவில் ஓரளவு பொறுத்துக்கொள்ளப்படும். 3 டெஸ்லாவில் அந்த வரம்பு 11.7 சென்டிமீட்டராகச் சுருங்குவதால் குறைந்தது மூன்று துண்டுகள் கட்டாயம். நானோவிஎன்ஏவின் திரையில், கையை வைத்தும் எடுத்தும், முகடு எவ்வளவு நகர்கிறது என்பதைக் கண்ணெதிரே பார்க்கும் மாணவருக்கு இந்த விதி மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்றாக இராது.

ட்யூனிங்கும் (அதிர்வெண்ணைச் சரிசெய்வது) மேட்சிங்கும் (கேபிளின் மின்எதிர்ப்புக்குப் பொருத்துவது) அடுத்த படி. தரக்காரணி 250 உள்ள நம் வளையத்தின் மின்மறுப்பு 76 ஓம். அதன் சொந்த மின்தடை 0.3 ஓம்தான். ஃபேன்டம் அருகில் வந்ததும் அது 1.5 ஓம் ஆகிறது. அதனைக் கேபிளின் 50 ஓமுக்கு மாற்றுவதே மேட்சிங் மின்தேக்கிகளின் வேலை. மின்எதிர்ப்பை வட்டத்துக்குள் ஒரு புள்ளியாகக் காட்டும் ஸ்மித் வரைபடத்தில் ஒத்ததிர்வு ஒரு வட்டமாகத் தெரியும். அந்த வட்டம் நடுப்புள்ளியைத் தொட்டுச் செல்லும்வரை மின்தேக்கியைத் திருப்ப வேண்டும். ஃபேன்டத்தின் மீது வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். வெறும் காற்றில் பொருத்திய சுருள் நோயாளியின் மீது பொருந்தாது. எச்4 திரையில் ஸ்மித் வரைபடம் படிக்கத்தக்க அளவில் இருக்கிறது, 2.8 அங்குலத் திரையுள்ள பழைய எச் வகையில் அந்தச் சிறு வட்டத்தைப் பின்தொடர்வது கண்ணுக்குக் களைப்பு.

அளவுத்திருத்தத்தை எந்த இடத்தில் செய்கிறோம் என்பது இங்கே மிக முக்கியம். கருவியோடு தரப்படும் திறந்த, குறுக்கிய, 50 ஓம் முனைகளைக் கருவியின் வாயிலில் வைத்துத் திருத்தம் செய்துவிட்டு, அதன்பின் 10 சென்டிமீட்டர் கேபிளைச் சேர்த்தால், 127.7 மெகாஹெர்ட்ஸில் வரைபடம் முழுவதும் சுமார் 46 பாகை சுழன்றுவிடும். மின்தேக்குத்திறனாகத் தெரிய வேண்டியது மின்தூண்டலாகத் தெரியக்கூடும். எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் போகும். கேபிளின் நுனியில் அளவுத்திருத்தம் செய்யுங்கள். அதற்கு அப்பாலுள்ள சிறு துண்டை மின்தாமத அமைப்பால் ஈடுசெய்யுங்கள். கருவியோடு வரும் மெல்லிய கேபிள்கள் வளைத்தால் கட்டம் மாறுகின்றன. அவற்றை மாற்றி, இரட்டைக் கவசமுள்ள கேபிளை வாங்கிக்கொள்வது சிறு செலவில் பெரும் பலன் தரும்.

பல வளையங்களை அணியாக அமைக்கும்போது நானோவிஎன்ஏ தன் இரண்டு வாயில்களாலும் நன்றாகவே கைகொடுக்கிறது. அமெரிக்காவின் ஷெனெக்டெடியில் ஜி.இ. ஆய்வகத்தைச் சேர்ந்த ரோமரும் உடன் ஆய்வாளர்களும் 1990 இல் வெளியிட்ட கட்டுரை, பக்கத்து வளையங்களைப் பகுதியாகப் படியவைத்துப் பரிமாற்று மின்தூண்டலை நீக்கலாம் என்றும், எஞ்சும் பிணைப்பைக் குறைந்த உள்ளீட்டு மின்எதிர்ப்புள்ள முன்பெருக்கியால் அடக்கலாம் என்றும் காட்டியது; இன்றைய அணிச் சுருள்கள் அனைத்தும் அந்த அடித்தளத்தின் மேல் நிற்கின்றன. வட்ட வளையங்களுக்கு மையங்களின் இடைவெளி விட்டத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. நம் 8 சென்டிமீட்டர் வளையங்களுக்கு 6 சென்டிமீட்டர். ஒரே அதிர்வெண்ணில் ட்யூன் செய்த இரண்டு வளையங்களை மெல்ல நெருக்கிக்கொண்டுபோனால், எஸ்11 வரைகோட்டில் இரண்டாகப் பிளந்திருக்கும் பள்ளம் ஒன்றாகக் கூடும் இடமும், எஸ்21 மிகத் தாழும் இடமும் திரையில் ஒருங்கே தெரிகின்றன. ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் வேறுபாடு தெரிகிறது. சுருள் செயலற்ற உறுப்புகளால் ஆனது என்பதால் எஸ்12, எஸ்21 இரண்டும் ஒன்றே. கருவி ஒருவழியாக மட்டும் அளப்பது இங்கே குறையே இல்லை. இரண்டாம் வாயிலின் உள்ளீட்டு மின்எதிர்ப்பு 50 ஓமிலிருந்து சற்றே விலகியிருப்பதால், அங்கே சமிக்ஞையைத் தணிக்கும் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் ஒன்றை இட்டுக்கொள்வது நலம்.

இனி, குறைகள். முதலாவது டீட்யூனிங். ஸ்கேனரின் உடற்சுருள் பல கிலோவாட் திறனை அனுப்பும் நேரத்தில், ஏற்புச் சுருள் ஒத்ததிர்வில் இருக்கவே கூடாது. இருந்தால் அதில் பாயும் மின்னோட்டம் நோயாளியின் தோலைச் சுட்டுவிடும். ஆகவே வளையத்தின் ஒரு மின்தேக்கிக்குப் பக்க இணைப்பில் மின்தூண்டி ஒன்றையும் பின் (PIN) வகை டையோடையும் அமைக்கிறார்கள். நம் 131 பிக்கோஃபாரட் மின்தேக்கிக்கு 47 நானோஹென்றி மின்தூண்டி. டையோடுக்கு நேர்மின்னோட்டம் கொடுத்தவுடன் இரண்டும் சேர்ந்து உயர் மின்எதிர்ப்பாகி வளையத்தை வெட்டிவிடுகின்றன. இந்த வெட்டு 30 டெசிபலுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன். மேலே சொன்ன உணர் வளையங்களைக் கொண்டு, முகட்டை மைனஸ் 40 டெசிபலில் நிறுத்திக்கொண்டு டையோடை இயக்கினால், எஞ்சுவது மைனஸ் 70 டெசிபல் அல்லது அதற்கும் கீழே. அங்கே நானோவிஎன்ஏவுக்குத் தெரிவது தன் சொந்த இரைச்சல்தான். திரையில் 30 டெசிபல் என்று காட்டினால் அது சுருளின் திறனா, கருவியின் தரையா என்று பிரித்தறிய முடியாது. எனவே டீட்யூனிங் அளவீட்டுக்கு உணர் வளையத்தை நெருக்கமாகக் கொண்டுபோய், முகட்டை மைனஸ் 20 டெசிபல் அருகே ஏற்றிக்கொள்ள வேண்டும். தரக்காரணி அளவீட்டுக்கு மீண்டும் விலக்க வேண்டும். இரண்டு அளவீடுகளையும் ஒரே அமைப்பில் முடித்துவிட முயல்வது இந்தக் கருவியில் ஆகாது.

இதோடு தொடர்புடைய நுட்பம் ஒன்று உண்டு. கருவியின் வெளியீடு ஏறக்குறைய மைனஸ் 13 டிபிஎம், அதாவது 0.05 மில்லிவாட். கேட்கச் சிறியதாகத் தோன்றினாலும், நன்றாக மேட்சிங் செய்த, காற்றில் நிற்கும் நம் வளையத்துக்குள் அது முழுவதும் சென்றால் 13 மில்லிஆம்பியர் மின்னோட்டம் ஓடும்; மின்தேக்கி ஒவ்வொன்றின் குறுக்கேயும் உச்ச மின்னழுத்தம் 0.35 வோல்ட் அளவுக்கு எழும். எதிரெதிராக இணைத்த டையோடுகளால் தானாக இயங்கும் டீட்யூனிங் சுற்று அங்கே இருந்தால், அது மெல்லக் கடத்தத் தொடங்கித் தரக்காரணியைக் குறைத்துக் காட்டக்கூடும். உயர்தர அனலைசரில் திறனைக் குறைத்துச் சரிபார்த்துவிடலாம். நானோவிஎன்ஏவில் அந்த வசதி மிகக் குறைவாதலால், கேபிளில் அட்டெனுவேட்டரை இட்டு இருமுறை அளந்து ஒப்பிடுவதே வழி.

முன்பெருக்கியிடம் வரும்போது எல்லை இன்னும் நெருங்கிவிடுகிறது. எம்.ஆர்.ஐ. முன்பெருக்கிகளின் பெருக்கம் 27 டெசிபல் அளவில் இருக்கும். மைனஸ் 13 டிபிஎம் சமிக்ஞையை அப்படியே செலுத்தினால் அது நிறைவுநிலைக்குப் போய்விடும், அளவும் பொய்யாகும். 40 டெசிபல் அட்டெனுவேட்டர் இல்லாமல் முன்பெருக்கியை இதனோடு இணைக்காதீர்கள். கருவி அனுப்புவது தூய சைன் அலை அன்று, சதுர அலை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதன் மூன்றாம் சீரிசை (மூன்று மடங்கு அதிர்வெண்ணுள்ள கூறு) முதன்மை அலைக்கு 9.5 டெசிபல்தான் கீழே. செயலற்ற சுருளுக்கு இதனால் கேடில்லை, பெருக்கிக்கு உண்டு. உள்ளீட்டு மின்எதிர்ப்பு 1 ஓமா 2 ஓமா என்று நேரடியாக அளக்கவும் இது ஏற்றதன்று: 2 ஓமில் எதிரொளிப்பு மைனஸ் 0.7 டெசிபல், 1 ஓமில் மைனஸ் 0.35 டெசிபல், கேபிள் சற்று அசைந்தாலும் அந்த மெல்லிய வேறுபாடு கலங்கிவிடும். முன்பெருக்கியை வளையத்தோடு இணைத்து, இரட்டை உணர் வளையத்தால் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் தோன்றும் பள்ளத்தைப் பார்ப்பதே நம்பத்தக்க முறை. முன்பெருக்கி தானே சேர்க்கும் இரைச்சலைக் குறிக்கும் இரைச்சல் எண்ணை அளப்பது இக்கருவியின் வேலையே அன்று.

7 டெஸ்லாவில் பணிபுரிவோர் கவனிக்க வேண்டியது வேறு. அங்கே ஹைட்ரஜனின் அதிர்வெண் சுமார் 298 மெகாஹெர்ட்ஸ். நானோவிஎன்ஏ 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் செல்லும்போது முதன்மை அலையை விட்டுவிட்டு ஒற்றைப்படைச் சீரிசைகளைப் பயன்படுத்துகிறது. அந்த மாற்றம் நிகழும் புள்ளியில் வரைகோட்டில் படி ஒன்று தெரியும், அதற்கப்பால் இயங்கு வீச்சும் குறைந்துவிடும். நாம் பார்க்க விரும்பும் முகட்டின் ஒரு தோள் ஒரு முறையிலும் மறு தோள் வேறொரு முறையிலும் அளக்கப்படும் நிலை இது. மாற்றப் புள்ளியை உள்மென்பொருள் கட்டளையால் நகர்த்த இயலும். ஆனாலும் அந்தப் புலவலிமையில் முறையாக ஆராய்ச்சி செய்யும் குழுவுக்கு இக்கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாறாக, 3 டெஸ்லாவில் 51.7 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் பாஸ்பரஸ் சுருளுக்கோ, 33.8 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் சோடியம் சுருளுக்கோ இது முழு நிறைவு தரும். உடலின் இரைச்சல் குறைவாகவும் வளையத்தின் சொந்த இரைச்சல் மிகுதியாகவும் உள்ள அந்தத் தாழ் அதிர்வெண்களில் தரக்காரணியின் ஒவ்வொரு புள்ளியும் படத்தில் எதிரொலிக்கும் என்பதால், அதைச் சரியாக அளக்கும் எளிய கருவி ஒன்று மேசையில் இருப்பது இன்னும் அவசியமாகிறது.

மின்கலத்தில் இயங்கும் சிறு பெட்டி என்பதால் ஒரு வசதியும் ஒரு மறைமுகமான இடரும் சேர்ந்தே வருகின்றன. கேபிளின் வெளிக்கவசத்தில் ஓடும் பொதுமுறை மின்னோட்டத்தைக் கண்டறிய, கேபிளைக் கையால் பிடித்து வருடிக்கொண்டே வரைகோட்டைப் பார்க்க வேண்டும். முகடு அசைந்தால், அந்த மின்னோட்டத்தைத் தடுக்க வேண்டிய கேபிள் ட்ராப் சரியாக இல்லை. இந்தச் சோதனைக்கு இலேசான கருவி மிக உகந்தது. ஆயினும் எதனோடும் தரையிணைப்பு இல்லாத இந்தப் பெட்டியோடு குறுகிய கேபிளில் ஒழுங்காக நடந்துகொள்ளும் சுருள், ஸ்கேனர் மேசையின் நீண்ட கேபிளோடு இணைந்தபின் அப்படியே இருக்கும் என்று கொள்ள முடியாது. யுஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைத்து ஒருமுறையும், தனித்து ஒருமுறையும் அளந்து, இரண்டும் ஒத்துப்போகும்வரை ட்ராப்பைச் சரிசெய்ய வேண்டும்.

தொடுதிரைப் பட்டியல்களுக்குள் ஆழமாகப் புகுந்து வெளிவருவது பொறுமையைச் சோதிக்கும், பழகிவிடும். கணினியில் நானோவிஎன்ஏ-சேவர் என்ற கட்டணமில்லா மென்பொருளை நிறுவிக்கொண்டால் வரைகோடுகளை டச்ஸ்டோன் கோப்புகளாகச் சேமித்துப் பின்னர் பைதானில் ஆராயலாம். ஃபேன்டம் இல்லாத நிலை, உள்ள நிலை, டையோடு இயங்கும் நிலை என்று ஒவ்வொரு சுருளுக்கும் கோப்புகளைத் தேதியிட்டு வைத்துக்கொள்ளும் ஆய்வகம், சில மாதங்கள் கழித்து ஒரு மின்தேக்கி கெட்டால் எது மாறியது என்பதை உடனே கண்டுபிடித்துவிடும்.

நானோவிஎன்ஏ இருக்க வேண்டிய இடம் ஸ்கேனர் அறைக்கு வெளியே உள்ள மேசை மட்டுமே. காந்தத்தால் ஈர்க்கப்படும் பாகங்கள் அதனுள் உள்ளன; அறைக்குள் கொண்டுசெல்லவே கூடாது. சுருளில் இடும் மின்தேக்கிகளும் இணைப்பிகளும் நிக்கல் பூச்சற்ற, காந்தமற்ற வகையாக இருக்கின்றனவா என்பதையும் நானோவிஎன்ஏ சொல்லாது. நிக்கல் பூச்சுள்ள மின்தேக்கி மேசையில் குறையின்றி அளவு காட்டிவிட்டுப் படத்தில் கருந்துளையாகத் தெரியும். மனித உடல்மேல் வைக்கப்போகும் சுருளுக்கு, இங்கே கிடைத்த எண்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எம்.ஆர்.ஐ. கருவிகளின் பாதுகாப்புக்கான ஐஇசி 60601-2-33 தரநிலையை அறிந்தவர்களின் மேற்பார்வையில் வெப்பச் சோதனையும் டீட்யூனிங் சோதனையும் தனியே நடக்க வேண்டும். மாணவர்கள் உப்புநீர் ஃபேன்டத்தோடு நின்றுகொள்வதே முறை.

வாங்கும்போது போலிகளைக் குறித்து எச்சரிக்கை தேவை. கலப்பிச் சில்லுகளின் மேல் உலோகக் கவசம் இல்லாமல் விற்கப்படும் நகல்கள் சந்தையில் உண்டு. அவற்றில் இரண்டு வாயில்களுக்கும் இடையே உள்ளேயே சமிக்ஞை கசிவதால், டீட்யூனிங்குக்கும் படிவுச் சோதனைக்கும் நமக்குத் தேவையான 70 டெசிபல் வீச்சு கிடைக்காது. பெட்டியைப் பெற்றவுடன், இரண்டாம் வாயிலில் 50 ஓம் முனையை மாட்டி, முதல் வாயிலை அப்படியே விட்டு, 64 மெகாஹெர்ட்ஸிலும் 128 மெகாஹெர்ட்ஸிலும் எஸ்21 எவ்வளவு தாழ்ந்து கிடக்கிறது என்று பாருங்கள். மைனஸ் 60 டெசிபலைக்கூடத் தொடவில்லையென்றால் திருப்பி அனுப்பிவிடலாம். எச், எச்4 இரண்டில் எச்4 வகையையே தேர்ந்தெடுங்கள். அதோடு 10, 20 டெசிபல் அட்டெனுவேட்டர்கள் இரண்டிரண்டும், நல்ல கேபிள் ஒரு சோடியும், விறைப்பான கோஆக்சியல் கேபிள் ஓரடியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஓரடியை வெட்டித்தான் முதல் இரட்டை உணர் வளையத்தைச் செய்ய வேண்டும்.